ஏழாம் நாள்: பாயான் பாருவிலிருந்து தீவைச் சுற்றி

இன்றைய தூரம் சொற்பம். பாயான் பாருவில் கிளம்பி, தீவின் தெற்கு, மேற்கு, வடக்குப் பக்கங்களைத் தொட்டு, ஜார்ஜ் டவுன் வழியாகத் திரும்பவும் பாயான் பாருவுக்கே வந்து சேர்ந்தால் ஏறக்குறைய 75 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அதைக் காலையிலிருந்து இரவு வரை இழுக்கப் போகிறோம். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110-இல் வந்து பழகிய காலுக்கு முதல் ஒரு மணி நேரம் கொஞ்சம் நமநமக்கும். தெலுக் கும்பார் தாண்டியதும் சரியாகிவிடும்.

திசை முக்கியம். கடிகார முள் போகிற பக்கமாகவே சுற்றுங்கள். முதலில் தெற்கே இறங்கி, மேற்கே மலையேறி, வடக்குக் கரையைப் பிடித்து, கடைசியாகக் கிழக்கே நகரத்துக்குள் நுழைய வேண்டும். மலேசியாவில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். இப்படிச் சுற்றினால் கடல் எப்போதும் இடக்கைப் பக்கம் இருக்கும். நினைத்த இடத்தில், எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் ஒதுங்கி நிறுத்தலாம். ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியை இறக்கினாலே கடல் தெரியும். எதிர்த்திசைக்கும் ஒரு நியாயம் உண்டு: மாலையில் மேற்குக் கரையில் இருந்தால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். ஆனால் அதன் பிறகு இருட்டில் மலை வளைவுகளில் இறங்கி வர வேண்டும். வழி தெரிந்த உள்ளூர்க்காரர்கள் செய்யட்டும். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு முதல்முறை வருகிறவர்களுக்கு அது வேண்டாம்.

தங்க ஏன் பாயான் பாரு

பினாங்கு என்றதும் எல்லோரும் ஜார்ஜ் டவுனில்தான் அறை தேடுகிறார்கள். பேருந்தில் வருகிறவர்களுக்கு அது சரி. சொந்தக் காரில் வருகிறவர்கள், ஒருவழிச் சந்துகளுக்குள் நிறுத்த இடம் தேடியே பாதி விடுமுறையைத் தொலைப்பார்கள். பாயான் பாருவை அழகான ஊர் என்று யாரும் சொன்னதில்லை. 1970-களில் பினாங்கு வளர்ச்சிக் கழகம் கட்டியெழுப்பிய புதுநகரம் இது. பக்கத்தில் பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் மண்டலம் தொடங்கி, 1972-இல் இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கே அமைத்தது. வேலைக்கு வந்தவர்களுக்காக அடுக்குமாடிகளும் கடைவீடுகளும் சந்தையும் எழுந்தன. சுங்கை ஆராப் பக்கம் அதற்கு முன் ரப்பர் தோட்டம். பாலெடுக்க வந்த நம்மவர்களின் சுவடாக அந்த வட்டாரத்தில் இன்னும் தமிழ்ப்பள்ளி இருக்கிறது.

சுற்றிப் பார்க்க இங்கே பெரிதாக எதுவும் இல்லைதான். ஆனால் தங்குவதற்கு வேண்டியதெல்லாம் உண்டு. கடைவீட்டு வரிசைகளின் முன் கார் நிறுத்த இடம் கிடைக்கும், அறை வாடகை நகரத்தைவிடக் குறைவு, இரவு பத்து மணிக்கும் பசியாறலாம். விமான நிலையம் அருகில். இரண்டு பாலங்களுக்கும் நடுவில் இருப்பது பெரிய வசதி. 1985-இல் திறந்த பழைய பாலம் (13.5 கிலோமீட்டர்) வடக்கே குளுகோரில் வந்து இறங்குகிறது; 2014-இல் திறந்த இரண்டாம் பாலம் (24 கிலோமீட்டர்) தெற்கே பத்து மாவுங்கில். இரண்டிலும் தீவுக்குள் வரும்போது மட்டுமே சுங்கம். டச் என் கோ அட்டையில் பணம் இருக்கிறதா என்று பாலத்தில் ஏறுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் நேரம் கிழமையைப் பொறுத்தது. வார நாளில் காலை ஏழு முதல் ஒன்பது வரை தொழிற்சாலைக்காரர்களின் நேரம். அந்த நேரத்தில் சாலையில் இறங்காமல், சந்தைப் பக்கம் போய் ரொட்டி சானாயோ தோசையோ சாப்பிட்டு, இன்னொரு கோப்பி குடித்துவிட்டு ஒன்பதேகாலுக்குக் கிளம்புங்கள். சனி, ஞாயிறு என்றால் ஏழரைக்கே கிளம்பிவிடலாம்; ஆனால் அன்றைக்கு மேற்குச் சாலைகள் முழுக்க மிதிவண்டிக்காரர்கள். கூட்டமாக வருவார்கள், வளைவில் இருவர் மூவராக அகன்று வருவார்கள். ஹாரன் அடித்துப் பயனில்லை. நேர்ச்சாலை வரும்வரை பின்னாலேயே போங்கள்.

எண்ணெயை இங்கேயே ஊற்றிக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் நிலையத்தை நம்ப வேண்டாம். சிங்கப்பூர், தாய்லாந்துப் பதிவு வண்டிகளுக்கு ரோன் 95 ஊற்றக்கூடாது என்பது 2010 முதல் உள்ள விதி. ரோன் 97-தான். மறந்துபோய் மஞ்சள் குழாயைக் கையில் எடுத்துவிட்டு வம்பில் மாட்டாதீர்கள்.

தெற்குக் கரை

விமான நிலையத்துக்கு முன்பே, சாலையோரத்தில் பாம்புக் கோயில் வரும். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சோர் சூ கோங் என்ற சீனத் துறவித் தெய்வத்துக்கு எழுப்பிய கோயில் இது. பலிபீடத்தைச் சுற்றியுள்ள கிளைகளில் பச்சையும் மஞ்சளுமாகச் சுருண்டு கிடப்பவை குழிவிரியன் இனப் பாம்புகள். ஊதுவத்திப் புகையில் மயங்கிக் கிடக்கின்றன என்று சொல்வார்கள். பகலில் அசையாமல் கிடப்பது அந்த இனத்தின் இயல்பே. நஞ்சுள்ளவை, தொடாதீர்கள். நம் ஊர்ப் புற்றுக் கோயில்களை நினைத்துக்கொண்டு போகிற பாட்டிமாருக்கு இங்கே நேரம் போவது தெரியாது. மற்றவர்களுக்குப் பதினைந்து நிமிடம் போதும். பத்து மாவுங்கில் இருக்கும் போர் அருங்காட்சியகத்தை இன்றைய பட்டியலில் சேர்க்காதீர்கள். அது தனியாக அரை நாள் கேட்கும்.

பாயான் லெப்பாஸ் ஊரைத் தாண்டித் தெலுக் கும்பாரை நெருங்கும்போது இடப்பக்கம் கடல் எட்டிப் பார்க்கும். பெர்மாத்தாங் டாமார் லாவுட் பக்கம் கடலுக்குள் மண் கொட்டுவது தெரிந்தால், அது 2023-இல் தொடங்கிய சிலிக்கான் தீவு. மூன்று தீவுகளாகத் திட்டமிட்டு, மீனவர் எதிர்ப்புக்கும் நீண்ட இழுபறிக்கும் பிறகு ஒன்றாகக் குறைந்தது. இந்தக் கரையின் மீன்பிடிக் கம்பங்களைப் பார்க்க நினைப்பவர்கள் அடுத்த பயணத்துக்கு என்று ஒத்திப்போட வேண்டாம்.

தெலுக் கும்பாரில் பாலிக் பூலாவுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். உடனே திரும்பாமல் நேராகக் கெர்தாக் சங்குல் வரை போய்வாருங்கள். சில கிலோமீட்டர்தான், சாலை அங்கேயே முடிந்துவிடுகிறது. முட்டுச்சாலை என்பதால் அவசரக்காரர்கள் யாரும் வருவதில்லை. மணலில் ஏற்றி வைத்த படகுகள், காய்கிற வலை, எதிரே கெண்டித் தீவு. நிழல் பார்த்து நிறுத்தி, அரை மணி நேரம் சும்மா இருக்கலாம். மீன் வாங்க நினைப்பவர்கள் காரில் ஐஸ் பெட்டி இருந்தால் மட்டும் வாங்குங்கள். இன்னும் முழுப் பகலும் வெயிலில் ஓட வேண்டியிருக்கிறது.

மலையேறுதல்

தெலுக் கும்பாரிலிருந்து பாலிக் பூலாவ் வரை சாலை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறி இறங்குகிறது. பினாங்கின் பழைய சாலைகள் பலவற்றை வெட்டியவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகள். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி, நீரிணைக் குடியேற்றங்களில் காடு வெட்டிச் சாலை போட்டதும் கட்டடம் எழுப்பியதும் அவர்கள் கைதான். பெயர்ப்பலகை எதுவும் அதைச் சொல்லாது.

ஓட்டுவதைப் பற்றி: ஏற்றத்தில் யாருக்கும் சிரமமில்லை, இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். தானியங்கி கியர் வண்டியை ‘டி’-யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே இறங்கினால், நாலைந்து வளைவுக்குப் பிறகு பிரேக் சூடேறிப் பிடி தளரும், கருகிய வாசனை வரும். ‘எல்’ அல்லது ‘2’-க்கு மாற்றி இன்ஜினையே வண்டியைப் பிடித்து வைக்கச் செய்யுங்கள். பார்வை மறையும் வளைவில் வெள்ளைக் கோட்டைத் தாண்டாதீர்கள். எதிரே வருகிற மோட்டார் சைக்கிள் தாண்டியே வரும் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உள்ளூர் வண்டி ஒட்டிக்கொண்டு வந்தால் ஓரமாக ஒதுங்கி வழி விடுங்கள். அவருக்கு அது வேலைக்குப் போகும் பாதை.

மழை இந்தத் தீவில் விளையாட்டல்ல. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிவு; செப்டம்பர் முதல் நவம்பர் வரை கொட்டும். 2017 நவம்பர் தொடக்கத்தில் ஒரே இரவுப் பெருமழையில் தீவே தத்தளித்தது, பல சரிவுகள் இடிந்தன. அடுத்த ஆண்டு அக்டோபரில் புக்கிட் குக்குஸில் சாலைப் பணி நடந்த இடத்தில் மண் சரிந்து ஒன்பது தொழிலாளர்கள் இறந்தார்கள். ஆகவே முந்தின இரவு விடாமல் பெய்திருந்தால் மேற்குச் சுற்றை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். நடுவழியில் மழை பிடித்தால் சரிவின் அடியில் நிற்காமல், அடுத்த ஊர் வரை மெதுவாகப் போய்விடுவது நல்லது.

பாலிக் பூலாவ்

நாளின் நடுப்பகுதியை இங்கே செலவிடுங்கள். இரண்டு மணி நேரமாவது. மூன்று கொடுத்தாலும் வீணாகாது.

1821-இல் சயாம் படை கெடாவைத் தாக்கியபோது அங்கிருந்து தப்பி வந்த மலாய்க்காரர்கள் பலர் இந்தப் பக்கம் குடியேறினார்கள். மலைச்சரிவுகளில் சாதிக்காயும் கிராம்பும் பயிரிட வந்த சீனர்களில் ஹக்கா மக்கள் அதிகம். பினாங்கின் சாதிக்காய் ஒரு காலத்தில் பெரும் பணம். 1860-கள் வாக்கில் நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்தன. இன்று மிச்சமிருக்கும் மரங்களின் காய்தான் கடைகளில் சாறாகவும், சர்க்கரையில் ஊறிய துண்டுகளாகவும், தைலமாகவும் விற்கிறது. நம் வீட்டில் விதையை மட்டும் உரசிக் குழந்தைக்குக் கொடுப்போம். இங்கே விதையைச் சுற்றியுள்ள சதைக்குத்தான் மவுசு. ஐஸ் போட்ட சாதிக்காய்ச் சாறு வெயிலுக்கு அருமை. துவர்ப்பு பிடிக்காவிட்டால் உப்புப் பிளம் ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள்.

மதியச் சாப்பாடு லக்சா. இரண்டு வகை உண்டு. அசாம் லக்சா புளிப்பு: மீனைக் கொதிக்க வைத்து உதிர்த்த குழம்பு, புளி, இஞ்சிப்பூ, மேலே புதினா, அன்னாசி, வெங்காயம், ஒரு கரண்டி கறுப்பு இறால் விழுது. சியாம் லக்சாவில் தேங்காய்ப்பால் சேரும். ஒரே கடையில் இரண்டும் கிடைக்கும். இரண்டையும் கலந்து கேட்பவர்களும் உண்டு. என் ஓட்டு அசாமுக்கே. மரக்கறி சாப்பிடுகிறவர்களுக்கு இதில் வழியே இல்லை, மீனை எடுத்துவிட்டால் போதும் என்று கடைக்காரர் சொன்னாலும் குழம்பே மீன்தான். அவர்கள் காலையிலேயே பாயான் பாருவில் இட்லியோ நூடுல்ஸோ கட்டிக்கொண்டு வருவது உத்தமம். ஹலால் பார்ப்பவர்கள் மலாய்க்காரர் நடத்தும் லக்சாக் கடைகளுக்குப் போகலாம். வெள்ளிக்கிழமையென்றால் ஜும்ஆ நேரத்தில் அவை மூடியிருக்கும்.

டுரியான் காலத்தில், அதாவது மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை வந்தால், மற்ற எல்லாத் திட்டத்தையும் சுருக்கிக்கொள்ளுங்கள். இங்கே பழத்தை மரத்திலிருந்து அறுப்பதில்லை. இரவில் தானாக விழுவதைக் காலையில் பொறுக்கி வருகிறார்கள். அதனால் அன்றைய பழம் மதியத்துக்குள் சாப்பிட வேண்டியது. முசாங் கிங் எங்கும் கிடைக்கும். இங்கே வந்து அதைக் கேட்காதீர்கள். செம்மஞ்சள் சதையுள்ள ஆங் ஹே, சுரைக்காய் வடிவிலுள்ள ஹோர் லோர், கூன் போ போன்றவைதான் பினாங்குக்காரர்கள் பெருமை பேசும் வகைகள். இனிப்பிலிருந்து கசப்புக்குப் போகிற வரிசையில் வெட்டச் சொல்லுங்கள். கசப்பை முதலில் தின்றால் அடுத்தது சப்பென்று இருக்கும்.

வாங்கும் முறை எளிது. கிலோ என்ன விலை என்று முதலில் கேளுங்கள், பிறகு பழத்தைத் தொடுங்கள். தோலோடுதான் எடை போடுவார்கள். கடையிலேயே உட்கார்ந்து திறக்கச் சொல்லுங்கள். புழுவோ, ஊறிப்போன சதையோ இருந்தால் வேறு பழம் மாற்றித் தருவது வழக்கம், கட்டிக்கொண்டு போனபின் அந்தப் பேச்சு செல்லாது. அறைக்கு எடுத்துப் போகும் யோசனையே வேண்டாம். தங்கும் விடுதிகள் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை, வாடகைக் காரில் வாசனை ஏறினால் சுத்தம் செய்யும் கட்டணம் உங்கள் தலையில் விழும்.

ஊரைவிட்டு மேற்கே இறங்கினால் சுங்கை பூரோங் பக்கம் வயல்கள். பினாங்குத் தீவில் நெல் விளைகிறது என்பதையே நம்பாதவர்கள் உண்டு. சாலைகள் குறுகல், எதிரே வண்டி வந்தால் ஒருவர் நின்றுதான் ஆக வேண்டும். தெற்கே பூலாவ் பெத்தோங் மீனவக் கம்பமும் பாசிர் பாஞ்சாங் கடற்கரையும் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலையில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கில். பாசிர் பாஞ்சாங்கில் விடுமுறைக்குக் குளிக்க வந்த குடும்பங்களும் அதில் அடக்கம். கால் நனைக்கலாம், நீந்த வேண்டாம். ஆழிப்பேரலைக்குப் பயந்து சொல்லவில்லை. உயிர்காப்பாளர் இல்லாத திறந்த கடல் அது.

குழந்தைகள் சோர்ந்துவிட்டார்களா, வானம் கறுக்கிறதா? இங்கிருந்தே ஜாலான் துன் சார்டோன் வழியாக மலையைக் கடந்து, ரெலாவ் பக்கம் இறங்கி, பாயான் பாருவுக்குத் திரும்பிவிடலாம். உச்சிக்கருகே அஞ்சோங் இண்டா என்ற பார்வை மேடையில் நின்றால் வந்த பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே விரிந்திருக்கும். பாதிச் சுற்றுதான் ஆனதே என்று வருந்தத் தேவையில்லை. நல்ல பாதி முடிந்துவிட்டது.

தெலுக் பாஹாங் வரை

தொடர்கிறவர்கள் இரண்டு மணிக்குள் வடக்கே கிளம்பிவிட வேண்டும். சுங்கை பினாங்கைத் தாண்டிச் சாலை மறுபடி ஏறுகிறது. இருபுறமும் பழத்தோட்டங்கள், வளைவுக்கு வளைவு நிழல். மொத்தச் சுற்றிலும் ஓட்டுவதற்கு இன்பமான பகுதி இதுவே; கண்ணாடிகளை இறக்கிவிட்டு, குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கிராம்பு காய வைக்கும் நாளாக இருந்தால் மணம் வண்டிக்குள் வரும். தித்தி கெராவாங் அருவியில் கோடைக்காலத்தில் நூல் மாதிரிதான் தண்ணீர், பழக்கடைகளுக்காகவே நிற்கலாம். குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள். ஒரு தடவை போட்டால் அடுத்த காரின் கதவைத் திறக்கிற துணிச்சல் அவற்றுக்கு வந்துவிடும்.

இறக்கத்தில் தெலுக் பாஹாங் நீர்த்தேக்கம். 1999-இல் கட்டி முடித்த இது தீவிலேயே பெரியது. இதற்குப் பிறகு வரிசையாகக் கட்டணக் காட்சியிடங்கள்: வண்ணத்துப்பூச்சிப் பண்ணையாக 1986-இல் தொடங்கி இன்று எண்டோப்பியா என்ற பெயரில் நடப்பது, சாகசப் பூங்கா, நறுமணப் பொருள் தோட்டம். பிள்ளைகள் அடம்பிடித்தால் எண்டோப்பியா ஒன்று போதும். தேசியப் பூங்காவுக்குள் நடந்து முக்கா ஹெட் முனையின் 1883-ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கம் வரை போகும் ஆசையை இன்று அடக்கிக்கொள்ளுங்கள். அதற்குக் காலை ஏழு மணிக்கே வாசலில் நிற்க வேண்டும்.

வடக்குக் கரை, நகரம், திரும்புதல்

பத்து பெரிங்கியில் சாலை குறுகல், ஓரமெங்கும் விடுதிகள், நடுவில் கடக்கும் வெளிநாட்டுப் பயணிகள். நான்கு மணிக்கு முன் கடந்தால் சுகம். ஐந்துக்கு மேல் தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங் வரை ஊர்ந்துதான் போக வேண்டும். பிந்திவிட்டால் நெரிசலோடு மல்லுக்கு நிற்காமல் இங்கேயே கடற்கரையில் இருந்து, இரவுச் சந்தையையும் பார்த்துவிட்டு எட்டு மணிக்குமேல் கிளம்புங்கள்.

முந்தி வந்தவர்களுக்கு ஒரு நல்ல மாற்று: நகரத்துக்குள் நுழையாமல் ஜாலான் கெபுன் பூங்கா பக்கம் திரும்பித் தண்ணீர்மலைக்குப் போவது. 2012-இல் குடமுழுக்குக் கண்ட மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். நாள் முழுக்க உட்கார்ந்தே வந்த முதுகுக்கு அந்த ஏற்றம் நல்லது. மேலே நின்றால் நகரமும் கடலும் தெரியும். முட்டி வலி உள்ளவர்கள் கீழே நகரத்தார் கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காத்திருக்கலாம். தைப்பூசத்துக்கு முந்தின நாளும் தைப்பூசத்தன்றும் இந்த வட்டாரச் சாலைகள் ரதத்துக்கும் காவடிக்கும் அடைபடும். அந்த நாட்களில் இந்தச் சுற்றையே வைத்துக்கொள்ளாதீர்கள்.

இரவுச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலையா, நாசி கண்டாரா என்ற சண்டையை உங்கள் காருக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளுங்கள். நிறுத்தக் கட்டணத்துக்குப் பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங் செயலியை முன்பே கைப்பேசியில் இறக்கி வைப்பது நல்லது. காரை லெபோ பாசார் சந்துக்குள் ஓட்டிப் போகாமல் வெளியே விட்டு நடந்து வாருங்கள்.

திரும்ப வழி தேட வேண்டியதில்லை. துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் கடலை ஒட்டித் தெற்கே வந்தால், பாலத்தின் விளக்குகள் முதலில் இடப்பக்கம் தெரியும், பிறகு பாலத்துக்கு ஏறும் வழி பிரியும். அங்கே இடது ஓரத் தடத்தில் மயங்கி நின்றுவிட்டால் பெருநிலத்துக்கே போய், சுங்கம் கட்டித் திரும்ப வேண்டியிருக்கும். பாயான் லெப்பாஸ் என்று பலகை காட்டும் தடத்திலேயே இருங்கள்.

நாளைக் காலை கெடா, பெர்லிஸ் பக்கம் போகிறவர்கள் பழைய பாலம் வழியாகப் பிறையில் ஏறிக்கொள்ளலாம். தெற்கே ஈப்போ நோக்கித் திரும்புகிறவர்களுக்கு பத்து காவானில் இறங்கும் இரண்டாம் பாலமே நேர்வழி. காலை நெரிசலும் அதில் குறைவு.